கடுவனும் மாட்டாஸ்பத்திரியும்

"ஆம்பளப் பூனை குட்டியா போடப் போவுது? அதுக்கு எதுக்கு தம்பி ஆபரேஷன்?"

எங்கள் தெரு ஆச்சி இதைக் கேட்டது ஓர் ஆனி மாதக் காலையில். ஐந்தருவிப் பக்கம் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. என் கையில் இரண்டு பழக்கூடைகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிய பெட்டி. அதற்குள் எங்கள் வீட்டுக் கடுவன் துரை, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்தான். "டாக்டர் சொல்லியிருக்காங்க ஆச்சி" என்று மழுப்பிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஆனி மாதத்தில் கிளம்பியதே நான் செய்த முதல் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன். ஆச்சிக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை முதலில் சொல்ல வேண்டும்.

தெருவில் குட்டிகள் பெருகக் கூடாது என்பது உங்கள் எண்ணமானால், முதலில் பெட்டைப் பூனைக்குச் செய்யுங்கள். பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்கு ஆபரேஷன் ஆனாலும் மிச்சமிருக்கும் ஒன்றே போதும், தெருவிலுள்ள பெட்டைகள் அத்தனையும் சினையாகிவிடும். இரண்டு மாதமும் சில நாளும் கழிந்தால் மூன்று, நான்கு, ஐந்து என்று குட்டிகள். அவற்றைச் சாக்குப் பையில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்டுவரும் கதை நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை. கடுவனுக்கு ஆபரேஷன் செய்வதால் அந்தக் கதை பெரிதாக மாறிவிடாது. கடுவனுக்குச் செய்வது கடுவனுக்காகத்தான்.

ஆண் குட்டி ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வயதுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வீடு அதற்குச் சோற்றுக்கு மட்டும், இரவெல்லாம் அலைச்சல். குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பெட்டைகள் பருவத்துக்கு வரும், பனிக்காலத்தில் கடுவன்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில். மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே பருவம் வருடம் முழுக்க, சண்டையும் வருடம் முழுக்க. பூனைப் பல் ஊசி மாதிரி. கடித்த இடத்தில் மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். ஒரு வாரம் கழித்துக் கன்னமோ வாலடியோ எலுமிச்சம்பழம் போல வீங்கி உடையும்போதுதான் வீட்டாருக்கே தெரியவரும். மனிதரின் எய்ட்ஸுக்கு இணையான ஒரு வைரஸ் நோய் பூனைகளிலும் உண்டு. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பூனைக்குப் பூனை பரவுவது பெரும்பாலும் இந்தக் கடிகளின் வழியாகத்தான். இத்தனைக்கும் மேலே சீசன் இரவுகள். அருவிக்குப் போகும் வேனும் காரும் விடிய விடிய ஓடும் சாலையை, பெட்டையின் குரல் கேட்டு ஓடும் கடுவன் இடவலம் பார்த்துக் கடப்பதில்லை.

வீட்டுக்குள் வேறொரு தொல்லை. கதவுமூலை, அரிசி மூட்டை, துவைத்து மடித்த துணி என்று எதன்மேலும் வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு மூத்திரம் பீய்ச்சும். துரை முதலில் பீய்ச்சியது என் அப்பாவின் சாய்வு நாற்காலியில். அதுவரை 'வாயில்லா ஜீவன், விட்டுரு' என்று சொல்லிவந்த அப்பா, அன்று சாயங்காலமே டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு வந்தார்.

காயடிப்பதா இது?

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் நெளிகிறார்கள். எனக்குத் தெரிந்து இதற்குப் பழைய நினைவு ஒரு காரணம். காளையைச் சாய்த்து, நான்கு காலையும் பிணைத்து, விதையைக் கிட்டி வைத்து நசுக்கியதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு கால்நடை மருந்தகங்களில் பெரிய இரும்பு இடுக்கி வந்தது. தோலுக்கு மேலிருந்தே நாளத்தையும் ரத்தக்குழாயையும் நசுக்கிவிடும். காயடித்தல் என்ற சொல்லுக்குள் அந்தக் காளையின் அலறல் இன்னும் இருக்கிறது. பூனைக்கு இது எதுவும் கிடையாது. முழு மயக்கத்தில், சிறு கத்தி கொண்டு, பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை.

டாக்டரிடம் 'கருத்தடை' என்று சொன்னாலே புரிந்துகொள்வார். ஆனால் மனிதருக்குச் செய்கிற கருத்தடை போல நாளத்தை மட்டும் வெட்டிவிடுவது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பூனைக்கு இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிறார்கள். நாளத்தை மட்டும் வெட்டினால் குட்டி உண்டாகாதே தவிர, அலைச்சல், சண்டை, மூத்திர நாற்றம் எல்லாம் அப்படியே இருக்கும். அவை விதையில் சுரக்கும் ஹார்மோனின் வேலை.

சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. கடுவன் என்பதைத் தொல்காப்பிய மரபியல் ஆண் குரங்குக்கு உரிய பெயராகச் சொல்கிறது. ஐந்தருவிக் குரங்குகள் பழக்கடைகளில் அடிக்கும் கூத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் அவற்றுக்கே பொருத்தம் என்று தோன்றும். ஆட்டோக்காரரிடம் "கடுவனை ஏத்தணும்" என்று நான் சொன்னபோது அவர் ஒரு கணம் கூடையைத் தள்ளிப் பிடித்தார்.

எப்போது, எங்கே

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 4, 5 மாதத்திலேயே செய்துவிடச் சொல்கிறார்கள். நம் ஊர் டாக்டர்கள் பலர் 6 மாதம் ஆகட்டும் என்பார்கள். எடை 2 கிலோவைத் தாண்டி, இரண்டு விதையும் பையில் இறங்கியிருந்தால், பீய்ச்சத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பழகிப்போன பிறகு செய்தாலும் பலன் உண்டு. ஆனால் பழக்கம் என்பது ஹார்மோன் போன பிறகும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

போவதற்கு முன் அது கடுவன்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், ஆண் என்று நம்பிப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். வாலைத் தூக்கிப் பார்த்தால் ஆணுக்கு மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள், முக்காற்புள்ளி போல, நடுவே இடைவெளி விட்டுத் தெரியும். பெட்டைக்கு இடைவெளி குறைவு. கீழே உள்ளது புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக இருக்கும். நிறமும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெட்டை. முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கடுவன்.

ஒரு விதை மட்டும் இறங்கி மற்றது வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிடுவதும் உண்டு. அரிது என்றாலும் டாக்டர் தடவிப் பார்த்து இதைச் சொன்னால், "தெரியறத மட்டும் எடுத்துருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஒன்று பழைய குணத்தை எல்லாம் விடாமல் வைத்திருக்கும், பின்னால் கட்டியாகவும் மாறலாம். அந்த ஆபரேஷன் சற்றுப் பெரியது. வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம்.

இடம். நாம் எல்லாரும் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழிக்காக உண்டானவை. எல்லா மருந்தகத்திலும் பூனைக்கு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்வதில்லை. டாக்டரின் பழக்கத்தையும் அங்குள்ள வசதியையும் பொறுத்தது. பூனையைத் தூக்காமல் முதலில் நீங்கள் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். தென்காசியில் தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது என்றாலும் பெரிய கால்நடை மருத்துவ வசதிக்கு இன்னும் நெல்லைக்குத்தான் போகிறோம். அங்கே ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விதை இறங்காத பூனை, இதயத்தில் முனகல் கேட்கிற பூனை, வயதான பூனை என்றால் அங்கே போவது உசிதம். ஐந்தருவியிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிப் போக வேண்டும். சாதாரணக் கடுவனுக்கு அவ்வளவு தூரம் அவசியமில்லை.

செலவு இடத்துக்கு இடம் மாறும். பெட்டைக்கு ஆவதைவிடக் கடுவனுக்குக் குறைவு என்பது மட்டும் எங்கும் பொது. மருந்து, ஊசி, மறுபடி பார்ப்பது எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று முதல் நாளே கேட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முத்தடுப்பூசியும் போட்டிராவிட்டால் ஆபரேஷனுக்கு முன்பே போட்டு, சில வாரம் விட்டு வாருங்கள். பல பூனைகள் வந்துபோகும் இடம் அது. நோயை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

மாதம் எது நல்லது என்று கேட்டால் தையிலிருந்து பங்குனி வரை என்பேன். ஆனியிலும் ஆடியிலும் மண் காயாது, ஈ அதிகம், ஆட்டோ கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை அருவிச் சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கூடைக்குள் கத்துகிற பூனையோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதுதான். ஆனாலும் கடுவன் ஏற்கெனவே அலையத் தொடங்கிவிட்டால் தைக்காகக் காத்திருக்க வேண்டாம். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

முதல் நாள் இரவு

பெரிய பூனையாக இருந்தால் முந்தின இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் தரக் கூடாது. காலையில் எழும்வரை தண்ணீர் இருக்கலாம். ஐந்தாறு மாதக் குட்டிக்கு அவ்வளவு நேரப் பட்டினி ஆகாது. டாக்டர் சொல்கிற மணிக்கணக்கை அப்படியே பின்பற்றுங்கள். மயக்க ஊசியில் சில மருந்துகள் வாந்தியைக் கிளப்பும். வயிற்றில் சோறு இருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். இந்த ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லத்தக்கவற்றில் இதுவும் ஒன்று. நம் கையில் இருப்பதும் இதுவே.

நீங்கள் தராமல் இருந்தால் மட்டும் போதாது. பூனை பட்டினி கிடக்க வேண்டுமே. பக்கத்து வீட்டுப் பால், மீன் கடைக் குடல், எதுவும் கிடைக்காவிட்டால் சுவரில் பல்லி. ஆகவே மாலை விளக்கு வைக்கும் நேரத்திலேயே உள்ளே பிடித்துப் போட்டு, ஓர் அறையில் மண்தட்டோடு அடைத்துவிடுங்கள். ராத்திரி கத்தும். கத்தட்டும். காலையில் "கொஞ்சம் பால்தான் ஊத்தினேன், பாவமா இருந்துச்சு" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். தேதியை மாற்றுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

கொண்டுபோவதற்குக் கட்டைப்பை, சாக்கு இரண்டும் வேண்டாம். கட்டைப்பையின் பிடிக்கு நடுவே தலையை நீட்டித் தென்காசி பஸ் ஸ்டாண்டில் குதித்தோடிய பூனைகளுக்குக் கணக்கே இல்லை. கூண்டு வாங்க மனமில்லாவிட்டால் பிளாஸ்டிக் பழக்கூடை இரண்டு போதும். காற்றும் போகும், கழுவவும் வசதி. நான்கு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அடியில் பழைய துண்டும் செய்தித்தாளும் விரித்து, மேலே ஒரு வேட்டியைப் போர்த்திவிட்டால் இருட்டில் பாதிக் கத்தல் அடங்கும்.

மேசையில் நடப்பது

முதலில் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, உத்தேசம் உதவாது. பிறகு காய்ச்சல், இதயம், ஈறின் நிறம். ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மயக்கம் என்றால் ஆபத்து பூஜ்யம் என்று எந்த நேர்மையான டாக்டரும் சொல்ல மாட்டார். பிரிட்டனில் திரட்டிய பெரிய கணக்கு ஒன்றில் ஆரோக்கியமான பூனைகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று மயக்கத்தின்போதோ அதை ஒட்டியோ இறந்தது. சிறிய எண்தான். உங்கள் வீட்டில் இருப்பதும் ஒரே ஒரு பூனைதான் என்பதால் பட்டினி, தடுப்பூசி, பரிசோதனை எதிலும் குறை வைக்காதீர்கள்.

தொடையில் ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் நடை தள்ளாடும், பிறகு சாய்ந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் அலறுகிறார்கள். கண் திறந்தபடியே இருக்கும். இமைக்காது. நாக்கு வெளியே தொங்கும். வழக்கமாகப் போடும் கெட்டமின் என்ற மருந்தில் கண் மூடாது, அவ்வளவுதான். கண் உலர்ந்துவிடாமல் ஒரு களிம்பு தடவுவார்கள். நான் துரையின் கண்ணைப் பார்த்துவிட்டு "சார், போயிட்டானா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற உதவியாளர், "அண்ணாச்சி, அவன் நல்லா உறங்குதான். நீங்க வெளிய போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நல்ல யோசனை. நீங்களும் போய்விடுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதைப்பையின் முடியை எடுத்து, அயோடின் மருந்தால் துடைத்து, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கீறல். விதையை வெளியே எடுத்து, அதன் நாளத்தையும் ரத்தக்குழாயையும் முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவார்கள். நூல்கூடத் தேவையில்லை, பல டாக்டர்கள் அந்தக் குழாய்களையே ஒன்றோடொன்று முடிச்சிட்டுவிடுவார்கள். தோலில் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. உள்ளே நீர் தங்காமல் வடியட்டும் என்று திறந்தே விடுவார்கள், அது தானே கூடிக்கொள்ளும். 'தையலே போடல, ஏமாத்திட்டாங்க' என்று கிளம்பிவிடாதீர்கள். காலியான பை முதல் சில நாள் கொஞ்சம் உப்பியிருக்கும். 'ஒண்ணை எடுக்காம விட்டுட்டாங்களோ' என்ற சந்தேகமும் அதனால் எல்லாருக்கும் வரும்.

வெளியில் அலையும் பூனை என்றால் அதே மயக்கத்தில் இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லலாம். ஆபரேஷன் ஆன பூனைக்கு உலகின் பல நாடுகளில் அதுதான் அடையாளம். ஐந்தருவிப் பக்கம் ஒரே பூனைக்கு நாலு வீட்டில் நாலு பெயர். காது மழுங்கியிருந்தால் இன்னொருவர் அதை மறுபடி பிடித்துக்கொண்டு போக மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு

இந்த ஆபரேஷன் மேசையில் கெடுவதைவிட வீட்டுத் திண்ணையில் கெடுவதுதான் அதிகம் என்பது என் கட்சி.

முதல் ஆறேழு மணி நேரம் குடிகாரன் மாதிரி இருக்கும். தலை ஆடும், சுவரில் முட்டும், கண்ணின் மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மறைத்திருக்கும், படுத்த இடத்திலேயே மூத்திரம் போனாலும் போகும். எல்லாம் மருந்தின் வேலை. கட்டிலில் போடாதீர்கள், விழும். மாடிப்படி, கிணறு, அடுப்பு இல்லாத அறையில் தரையில் பெட்டி வைத்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிடுங்கள். மயக்கத்தில் உடம்புச் சூடு குறையும். சாரல் காற்று வீசுகிற நாளாக இருந்தால் ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். அரைமயக்கத்தில் ஆளைத் தெரியாமல் கடிக்கும்.

நேராக நடக்கத் தொடங்கிய பிறகு தண்ணீர். அதன்பின் வழக்கமான சாப்பாட்டில் கால்வாசி. அன்று தின்னாவிட்டாலும் பரவாயில்லை.

மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும். ஆபத்து இங்கேதான் ஆரம்பம். "தேறிட்டான்" என்று நான் மூன்றாம் நாளே துரையை வெளியே விட்டேன். வெளியில் ஆனிச் சாரல், சேறு, ஈ. ஐந்தாம் நாள் பின்கால்களை அகட்டி நடந்தான். தூக்கிப் பார்த்தால் நாற்றம். காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு நெளிந்தது. டாக்டர் திட்டவில்லை. "மூணு நாள்ல விட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம். புழுவை எடுக்க மறுபடி ஒரு மயக்க ஊசி, மறுபடி ஒரு வாரம் அறைவாசம்.

ஆகவே குறைந்தது 7 நாள், மழைக்காலமானால் 10 நாள், உள்ளேதான். மண்தட்டில் மணலோ சாம்பலோ இருந்தால் காயத்தில் ஒட்டும். அந்த நாட்களில் கிழித்த செய்தித்தாள் போதும். காலையும் மாலையும் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். முதல் நாள் ஓரிரு சொட்டு ரத்தம் சகஜம். சொட்டிக்கொண்டே இருந்தாலோ, வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ, சீழ் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, ஒரு முழு நாள் மூத்திரமே போகாவிட்டாலோ, மறுநாள் முழுக்கத் தின்னாமல் சுருண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். லேசாக நக்குவது தவறில்லை. நக்கிக்கொண்டே இருந்தால் கழுத்தில் மாட்டும் கூம்பை டாக்டரிடம் வாங்கி மாட்டுங்கள். முதல் நாள் பின்பக்கமாகவே நடந்து காட்டும், பழகிவிடும்.

காயத்தில் எதையும் தடவாதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். பூசிய எதையும் பூனை நக்கித் தின்றுவிடும். டெட்டால், பினாயில் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். இன்னொன்று: வலிக்குமே என்று மெடிக்கலில் வாங்கிய காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு அநேகமாக இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வலிக்கு ஊசியோ பூனைக்குரிய மருந்தோ டாக்டரே தருவார். குளிப்பாட்டவும் கூடாது. ஐந்தருவியில் நின்றால் பித்தம் தெளியும் என்பதெல்லாம் மனிதருக்கு.

எது மாறும், எது மாறாது

ஹார்மோன் ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் வடிந்துவிடும். குணம் அவ்வளவு வேகமாக மாறாது. பீய்ச்சும் பழக்கம் பத்துக் கடுவன்களில் ஏறத்தாழ ஒன்பதில் நின்றுவிடும்; சிலவற்றில் உடனே, சிலவற்றில் இரண்டு மூன்று மாதம் கழித்து. பத்தாவது பூனையில் நிற்காது, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். புதிய பூனை வந்திருக்கலாம், மண்தட்டு அழுக்காக இருக்கலாம். பழைய இடங்களைப் பினாயில் போட்டுக் கழுவாமல் சலவைத்தூள் கரைத்துத் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். நாற்றம் மிச்சம் இருந்தால் அதே இடத்துக்கு மறுபடி வரும். அப்பாவின் நாற்காலித் துணியை நான் எரித்தே விட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுவாரமே அவன் 'ஒன்றும் செய்ய மாட்டான்' என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்கெனவே நாளத்தில் தங்கிய விந்து சில வாரம் உயிரோடிருக்கும். சினையாகக்கூடிய பெட்டை வீட்டில் இருந்தால் 6 வாரமாவது பிரித்து வையுங்கள்.

எலி பிடிப்பானா என்று தோப்பு வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். பிடிப்பான். வேட்டை வேறு, இது வேறு. துரை இன்றும் தேங்காய் குடையும் எலியைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். சோம்பேறியாகிவிடுவான் என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு, அதற்கும் காரணம் சாப்பாடு. அலைச்சலும் சண்டையும் நின்ற உடம்புக்குத் தீனியின் தேவை கால் பங்கு வரை குறைந்துவிடும், பசியோ கூடும். பழைய அளவையே போட்டால் ஆறு மாதத்தில் உருண்டையாகிவிடுவான்.

குண்டான, தண்ணீர் குடிக்காத, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் கடுவன்களுக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொள்வதுண்டு. ஆபரேஷன் செய்ததால் குழாய் சுருங்கிவிடுகிறது என்பார்கள். அது சரியல்ல என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடுவனின் குழாயே பிறவியில் ஒல்லி. மண்தட்டில் அடிக்கடி குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு நாளில் உயிர் போய்விடும், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

தயிர்சாதத்தைக் குறைத்து மீன் அல்லது கோழியைக் கொஞ்சம் தண்ணீரோடு வேகவைத்து அந்தச் சாற்றோடு கொடுங்கள். சோறே பிரதானம் என்றால் பூனைக்கு வேண்டிய சத்து கிடைப்பதில்லை. கருவாடு உப்பு, வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் தள்ளி வைத்தால் அதிகம் குடிக்கும். மாதம் ஒருமுறை நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்து நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

துரையின் எடை மூன்றாம் மாதத்தில் முக்கால் கிலோ கூடியபோது எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அளந்துதான் வைக்கிறோம் என்றார்கள். பின்தொடர்ந்து போய்ப் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அருவிச் சாலை மீன் கடையில் சாளைத் தலை, ஆறு மணிக்கு ஆச்சி வீட்டில் பால். நான் போய்ச் சொன்னேன். ஆச்சி, "ஆபரேஷன் பண்ணின புள்ளைல்லா, ஒடம்பு தேற வேண்டாமா?" என்றார். உங்கள் தெருவில் யார் யார் போடுகிறார்கள் என்று விசாரித்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். மீன் கடையை மறக்காதீர்கள்.